ஓடாத பன்னிரண்டு வாரம்: எலும்பில் விழுந்த கீறலும் அதுக்கு அப்புறமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை. நான் மட்டும்தான். ரொம்ப நாளா தள்ளிப்போட்ட எபிசோட் இது.

"கால் எலும்பு முறிஞ்சிருக்கு"ன்னு சொன்னா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "எங்க விழுந்தே?" நான் எங்கயும் விழலை. வண்டி மோதலை, பள்ளத்துல கால் போகலை, படியில வழுக்கலை. சென்னையில இதெல்லாம் நடக்காம எலும்பு முறியறதே பெரிய விஷயம்தான். ஆனா ஓடறவங்களுக்கு இப்படி ஆகும். இதுக்குப் பேரு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். பேரைக் கேட்டுட்டு என் பாட்டி, "ஆபீஸ்ல ரொம்ப டென்ஷனா கண்ணு?"ன்னு கேட்டாங்க. அந்த ஸ்ட்ரெஸ் இல்லை பாட்டி, இது வேற.

இந்த எபிசோட்ல மூணு விஷயம் பேசப்போறேன். இது ஏன் வருது, அந்தப் பன்னிரண்டு வாரம் எப்படிப் போச்சு, திரும்ப எப்படி ஓட ஆரம்பிச்சேன். ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. என் கால், என் ஸ்கேன், என் டாக்டர் சொன்ன கணக்கு இது. உங்க காலுக்கு உங்க டாக்டர்தான்.

விழாம முறியற எலும்பு

நம்ம எல்லாரும் எலும்பை கான்கிரீட் தூண் மாதிரி நினைக்கிறோம். ஒரு தடவை கட்டியாச்சு, அவ்வளவுதான்னு. உண்மையில அது தினமும் ரிப்பேர் நடக்கற ரோடு மாதிரி. பழைய பகுதியைத் தோண்டி எடுக்கற செல்கள் ஒரு டீம், புதுசா போட்டு நிரப்பற செல்கள் இன்னொரு டீம். தோண்டற டீம் வேகமானது, சில வாரத்துல வேலையை முடிச்சிடும். நிரப்பற டீம் மெதுவானது, மாசக்கணக்குல எடுத்துக்கும். சென்னையில இருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரோட்டைத் தோண்டறது ஒரே ராத்திரியில நடந்திடும், மூடறது எப்போன்னு தெரியாது.

இப்போ ஓட்டத்துக்கு வாங்க. 5 கிலோமீட்டரை 33 நிமிஷத்துல ஓடறீங்க, நிமிஷத்துக்கு 165 அடி வைக்கறீங்கன்னா, மொத்தம் கிட்டத்தட்ட 5,400 அடி. ஒரு காலுக்கு 2,700. ஒவ்வொரு அடிக்கும் நம்ம எடையைப் போல ரெண்டு, மூணு மடங்கு விசை தரையிலிருந்து காலுக்குத் திரும்பி வருது. அதுக்கு மேல கெண்டைக்கால் தசை இழுக்கறதும் எலும்பு மேலதான் விழுது. ஒவ்வொரு ஓட்டத்துலயும் எலும்புல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரிசல் வரும். அது கெட்டது இல்லை. அந்த விரிசல்தான் ரிப்பேர் டீமைக் கூப்பிடுது. சரிபண்ணி முடிச்சா எலும்பு முன்னை விட உறுதியாகும். ஜெர்மன் அறுவை சிகிச்சை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லயே எழுதினது இதுதான். எந்தச் சுமை அதன் மேல விழுதோ, அதுக்கு ஏத்த மாதிரி எலும்பு தன்னை மாத்திக்கும்.

சிக்கல் எங்க வருதுன்னா, நிரப்பறதுக்கு முன்னாடியே அடுத்தடுத்த சுமை விழும்போது. புதுசா சுமையைக் கூட்டின மூணாவது, நாலாவது வாரத்துல எலும்பு கொஞ்சம் பலவீனமாத்தான் இருக்கும். தோண்டியாச்சு, இன்னும் மூடலை. அந்தப் பள்ளத்து மேலேயே லாரி ஓடினா என்ன ஆகும்? அதான்.

இதை முதல்ல கவனிச்சது விளையாட்டு வீரர்கள்கிட்ட இல்லை. 1855ல பிரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்யா நாட்டு ராணுவ டாக்டர், நீண்ட தூரம் மார்ச் பண்ற சிப்பாய்களுக்கு பாதம் வீங்கி வலிக்கறதை எழுதி வெச்சார். அப்போ எக்ஸ்ரேவே கிடையாது. அதனாலதான் பாதத்துல வர்ற இந்த முறிவுக்கு இன்னைக்கும் மார்ச் ஃபிராக்சர்னு ஒரு பேர் இருக்கு.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே"

எனக்கு வந்தது முழங்காலுக்குக் கீழ இருக்கற பெரிய எலும்புல. டிபியான்னு சொல்வாங்க. ஓடறவங்களுக்கு அதிகமா முறியறது இதுதான். உள்பக்கம், கணுக்காலுக்கு ஒரு ஜாண் மேல. ஆகஸ்ட் மாசம், ஜனவரி சென்னை மாரத்தானுக்கு ட்ரெய்னிங் போய்ட்டிருந்த நேரம். என்னோட முதல் ஃபுல் மாரத்தான்.

முதல்ல ஓடி முடிச்ச அப்புறம் வலிச்சது. அடுத்த வாரம் ஓட ஆரம்பிக்கும்போதே வலிச்சது. அதுக்கு அப்புறம் ஆபீஸ் படி ஏறும்போது. கடைசியில ராத்திரி படுத்திருக்கும்போது.

அந்த வரிசையைக் கவனிச்சுக்கோங்க. தசை வலின்னா பெரும்பாலும் ஓட ஓட சூடாகிக் குறையும். எலும்பு வலி ஓட ஓடக் கூடும். ஷின் ஸ்ப்ளிண்ட்னு சொல்ற வலி எலும்போரமா நீளமா பரவியிருக்கும், கை வெச்சுக் காட்டச் சொன்னா உள்ளங்கையால தடவிக் காட்டுவோம். இது ஒரே புள்ளி. ஒரு விரல் வெச்சு, "இங்க"ன்னு காட்டிடலாம். என்னால ஒரு ரூபாய் காசு அளவு இடத்தைக் காட்ட முடிஞ்சது.

முதல்ல போன கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்தாங்க. "எலும்பு நல்லா இருக்கு, தசைப்பிடிப்புதான்"னு ஒரு ஆயின்மென்ட் குடுத்தாங்க. இதுல யாரையும் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை. முதல் சில வாரத்துல பல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எக்ஸ்ரேல தெரியவே தெரியாது. எலும்பு ஆற ஆரம்பிச்சு, சுத்தி புது எலும்பு படிஞ்ச அப்புறம்தான் அதுல தெரியும். சீக்கிரமா காட்டறது எம்ஆர்ஐ. அதனால, வலி ஒரே புள்ளியில இருக்கு, ஓடினா கூடுது, எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னா, "அப்போ ஒண்ணுமில்லை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. விளையாட்டுக் காயம் பாக்கற டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க.

நான் போனேன். எம்ஆர்ஐல கோடு தெரிஞ்சது. நாலு கிரேடு இருக்கற அளவுகோல்ல எனக்கு நாலு.

டாக்டர் சொன்ன நல்ல செய்தி, இடம் பரவாயில்லை. டிபியாவோட உள்-பின்பக்கம், பாதத்துல நடு விரல்களுக்குப் போற எலும்புகளோட தண்டு, இதெல்லாம் பெரும்பாலும் ஓய்வுலயே ஆறிடும். ஆனா சில இடம் ஆபத்து. இடுப்புக்கிட்ட தொடை எலும்போட கழுத்துப் பகுதி, டிபியாவோட முன்விளிம்பு, பாதத்து நடுவுல இருக்கற நேவிகுலர். இங்க ரத்த ஓட்டம் குறைவு, இல்லைன்னா எலும்பு விரியற பக்கமா இழுபடும். முழுசா உடைஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போகலாம். அதனால ஓடறவங்க யாருக்காவது தொடை மடிப்புல ஆழமா வலி, அந்தக் காலை ஊன்றினா வலின்னு வந்தா, "அடுத்த வாரம் பாப்போம்" கிடையாது. அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

யாரும் எதிர்பாக்காத கேள்வி

ரிப்போர்ட்டைப் பாத்து முடிச்சுட்டு டாக்டர் மேடம் கேட்டாங்க: "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்தது?"

காலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன். பதில் சொன்னேன். நாலு மாசம் ஆச்சு. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

ஓடற பொண்ணுங்க மத்தியில இது ஒரு ரகசியம் மாதிரி ஓடிட்டிருக்கு. "ட்ரெய்னிங் பீக்ல இருந்தா அப்படித்தான், நிம்மதிதானே"ன்னு சிரிச்சுட்டுப் போறது. ஆனா அது உடம்பு அனுப்பற நோட்டீஸ். வரவு பத்தலைன்னா உடம்பு சில டிபார்ட்மென்ட்டை மூடும். முதல்ல மூடறதுல இனப்பெருக்கம் ஒண்ணு. ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா எலும்பைத் தோண்டற டீமைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வெச்சுது. விளையாட்டுல ஆற்றல் பற்றாக்குறைன்னு வெச்சுக்கலாம். இது பசங்களுக்கும் வரும். அவங்களுக்கு மாசாமாசம் நோட்டீஸ் வர்றதில்லை, அவ்வளவுதான்.

மேடம் ஒரு பேப்பர்ல கணக்கு போட்டாங்க. என் எடை 54 கிலோ. கொழுப்பைக் கழிச்சா சுமார் 42 கிலோ. ஓட்டத்துல ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கலோரி செலவு. 18 கிலோமீட்டர் ஓடற ஞாயித்துக்கிழமை 972 போயிடுது. அன்னைக்கு நான் 2,000 சாப்பிட்டா மிச்சம் 1,028. அதை 42ஆல வகுத்தா 24 சொச்சம். இது 45 பக்கம் இருந்தா உடம்பு எல்லா வேலையும் நிம்மதியாப் பாக்கும். 30க்குக் கீழ போனா சிக்கனம் ஆரம்பிக்கும். 2,000 கலோரிங்கறது பட்டினி இல்லை, கவனிங்க. இட்லி, சாதம், குழம்பு, ராத்திரி சப்பாத்தி, எல்லாம் சாப்பிட்டுத்தான் இந்தக் கணக்கு. எடையும் குறையாம அப்படியே நிக்கலாம். கண்ணாடியில தெரியாது.

அடுத்து ரத்தப் பரிசோதனை. வைட்டமின் டி குறைவு. வெயிலுக்குப் பேர் போன ஊர்ல இருந்துகிட்டு! ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம ஓடறது காலையில 5 மணிக்கு, சூரியன் வர்றதுக்குள்ள முடிச்சிடறோம். அப்புறம் கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள போறோம். வெளிய வரும்போது இருட்டு. வெயில் நம்மள எங்க பாத்துச்சு?

எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேனும் எடுத்தாங்க. முதுகெலும்புல என் வயசுக்கு எதிர்பாக்கற அளவை விடக் கொஞ்சம் கீழ. உண்மையைச் சொன்னா, எனக்குக் கால் முறிஞ்சதை விட இதுதான் பெரிய அடி. எனக்கு 28 வயசு. எலும்பு சேமிப்பு உச்சத்துக்கு வர்றதே இருபதுகளோட கடைசியிலதான். அதுக்கு அப்புறம் பெருசா டெபாசிட் கிடையாது, மெதுவா செலவுதான். மெனோபாஸுக்கு அப்புறம் பொண்ணுங்களுக்குச் செலவு வேகமாகும். அதாவது, இது ஒரு மாரத்தான் போச்சுங்கற விஷயம் இல்லை. அறுபது வயசுல பாத்ரூம்ல வழுக்கினா இடுப்பெலும்பு தாங்குமாங்கறதை இப்போ தீர்மானிச்சுட்டிருக்கேன்.

வீட்டு வைத்தியம், வீட்டு அரசியல்

முதல் ரெண்டு வாரம் ஊன்றுகோல், மொத்தம் நாலு வாரம் வாக்கிங் பூட். வீட்டுல தகவல் பரவினதும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பெரியப்பா புத்தூர் கட்டு போடலாம்னார். எதிர்வீட்டு ஆன்ட்டி ஆட்டுக்கால் சூப் குடுத்து அனுப்பினாங்க. பாட்டி பிரண்டைத் துவையல் அரைச்சாங்க. கட்டு வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு மத்த எல்லாத்தையும் சாப்பிட்டேன்.

சாப்பாட்டை நிஜமாவே மாத்தினது அம்மாதான். நம்ம நாட்டுல பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேணும்னு 2020ல ஐசிஎம்ஆர் பரிந்துரையை உயர்த்தியிருக்கு. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் இருக்கு. காலையில ராகிக் கூழ், ரெண்டு வேளை தயிர், எள்ளுப்பொடி, வாரத்துல ரெண்டு நாள் முள்ளோட சாப்பிடற நெத்திலி. மாத்திரை டாக்டர் எழுதினது. அமெரிக்கக் கடற்படையில புதுசாச் சேந்த 5,000க்கும் மேற்பட்ட பெண்கள்கிட்ட நடந்து 2008ல வெளிவந்த ஆய்வுல, கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தவங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் 20 சதவீதம் குறைஞ்சது. மந்திரம் இல்லை, ஆனா சும்மாவும் இல்லை. எல்லாத்தையும் விட முக்கியமா, ஓடாத நாள்லயும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாதுன்னு மேடம் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. எலும்பு கட்டறதுக்கும் சக்தி வேணும்.

இன்னொண்ணு, வலி மாத்திரை. சில வகை வலி மாத்திரைகள் எலும்பு ஆறறதைத் தாமதப்படுத்தலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. அது ஒருபக்கம். வலியை மறைச்சா, ஆறிடுச்சான்னு எப்படித் தெரியும்? மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்காதீங்க, டாக்டரைக் கேளுங்க.

இப்போ அரசியல். மூணாவது வாரம் அம்மா மெதுவா ஆரம்பிச்சாங்க. "சரியானதும் ஓட்டத்தை விட்டுடேன்டி. நடந்தா போதாதா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு நிக்கணும்ல." எனக்குக் கோவம் வரலை, அழுகை வந்தது. ஏன்னா என்னால விளக்க முடியலை. என் நாள்ல காலை 5லிருந்து 6 வரைக்கும் இருக்கற அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நேரம். மேனேஜர் இல்லை, வீடு இல்லை, வரன் இல்லை. பெசன்ட் நகர் கடற்கரையில தெருவிளக்கு எரிஞ்சுட்டிருக்கும், மூச்சு சத்தம் மட்டும் கேக்கும். அது போச்சுன்னா நான் யாருன்னு எனக்கே கொஞ்சம் குழப்பமா இருந்தது. ஸ்ட்ராவாவை மொபைல்லேருந்து எடுத்தேன். ரன்னிங் குரூப்பை மியூட் பண்ணேன். அவங்க மேல பொறாமைன்னு சொன்னா பொறாமைதான்.

அப்போ என்னைப் பிடிச்சு நிறுத்தினது ரெண்டு பேரோட கதை. மெப் கெஃப்லெஸிகி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல மாரத்தான் வெள்ளி வாங்கினவர். 2007 நவம்பர்ல அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில எட்டாவதா வந்தார். அப்புறம் பாத்தா இடுப்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். 2009ல நியூயார்க் மாரத்தானை ஜெயிச்சார். 2014ல, 39 வயசு ஆகப்போற நேரத்துல, பாஸ்டனையும் ஜெயிச்சார். பாலா ராட்கிளிஃப் 2008ல தொடை எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரோட இருந்து, முழுசாத் தயாராக முடியாம பெய்ஜிங் ஒலிம்பிக் ஓடி 23வதா வந்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க்கை ஜெயிச்சாங்க. இவங்க உலகத்தரமான ஓட்டக்காரங்க, என்னோட ஒப்பிட முடியாது. ஆனா எலும்பு எல்லாருக்கும் எலும்புதான். நேரம் குடுத்தா ஆறும்.

தண்ணிக்குள்ள ஓட்டம்

அஞ்சாவது வாரம் பூட் போச்சு, குளம் வந்தது. டீப் வாட்டர் ரன்னிங்னு ஒண்ணு இருக்கு. இடுப்புல மிதக்கற பெல்ட் கட்டிக்கிட்டு, கால் தரையைத் தொடாத ஆழத்துல நின்ன வாக்குல ஓடறது. எலும்பு மேல அடி விழாது, ஆனா இதயமும் நுரையீரலும் வேலை செய்யும். பாக்கறவங்களுக்கு நான் மூழ்கிட்டிருக்கேன்னுதான் தோணும். லைஃப்கார்டு அண்ணா முதல் நாள் ரெண்டு தடவை எழுந்து நின்னுட்டார். "ஒண்ணும் இல்லண்ணா, ஓடறேன்"னு கத்தினேன். "எங்கம்மா ஓடறே?"ன்னார். நியாயமான கேள்வி. நாப்பது நிமிஷத்துல பத்து மீட்டர் நகர்ந்திருப்பேன்.

இதோட ஜிம். ஃபிசியோ மேடம் முதல்ல காட்டினது கெண்டைக்கால் பயிற்சி. ஒத்தைக்கால்ல குதிகாலைத் தூக்கி இறக்கறது, முட்டி நேரா வெச்சு ஒரு செட், முட்டி மடக்கி ஒரு செட். தசை உறுதியா இருந்தா அடியில ஒரு பங்கை அது வாங்கிக்கும், எலும்புக்குக் குறைவாப் போகும். முதல் நாள் முறிஞ்ச கால்ல ஆறு தடவை முடிஞ்சது. நல்ல கால்ல இருபத்தி நாலு. அந்த வித்தியாசத்தைப் பாத்தப்போதான், ஓட்டம்னா செருப்பை மாட்டிட்டுக் கிளம்பறது மட்டும் இல்லைன்னு புரிஞ்சது.

ஓடறதுக்கு முன்னாடி நாலு கதவு

காலண்டர் பாத்து ஓட ஆரம்பிக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் முடிஞ்சா கதவு தானா திறக்காது. எனக்கு நாலு கதவு வெச்சிருந்தாங்க. ஒண்ணு, முறிஞ்ச இடத்தை அழுத்தினா வலி இல்லை. ரெண்டு, 30 நிமிஷம் வேகமா நடந்தா, அப்போவும் அடுத்த நாள் காலையிலயும் வலி இல்லை. மூணு, கெண்டைக்கால் பயிற்சியில ரெண்டு காலும் ஏறக்குறைய சமம். நாலு, ஒத்தைக்கால்ல பத்து தடவை குதிச்சா வலி இல்லை.

ரெண்டாவது கதவுக்கு அம்மா துணைக்கு வந்தாங்க. "தனியாப் போனா நீ ஓடிடுவே"ன்னு காவலுக்குத்தான் வந்தாங்க. 30 நிமிஷம் வேகமா நடந்ததுல அவங்களுக்குத்தான் மூச்சு வாங்கிச்சு. திரும்பி வரும்போது, "இந்த நேரத்துல இங்க இவ்ளோ அமைதியா இருக்குமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல எதுவும் சொல்லலை. ஆனா ஓட்டத்தை விடச் சொல்றதை அன்னையோட நிறுத்திட்டாங்க.

ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை

நவம்பர், மழைக்காலம். ரோடெல்லாம் தண்ணி. முதல் நாள் திட்டம்: 1 நிமிஷம் ஓட்டம், 4 நிமிஷம் நடை, ஆறு தடவை. மொத்த ஓட்டம் 6 நிமிஷம். அடி கணக்கு போட்டா ஒரு காலுக்கு 500 கூட வராது. ஆகஸ்ட்ல 18 கிலோமீட்டர் ஓடின கால்.

அடுத்த வாரம் 2-3. அதுக்கு அடுத்தது 3-2. அப்புறம் 4-1. வாரத்துல மூணு நாள்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வேகமும் தூரமும் கணக்குல கிடையாது, நிமிஷம் மட்டும்தான். வாட்சைக் கழட்டி வெச்சுட்டு, வீட்டு டைமரை எடுத்துட்டுப் போனேன். அடி கொஞ்சம் சின்னதா, எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலா வைக்கச் சொன்னாங்க. அஞ்சு, பத்து சதவீதம் கூட்டினாலே ஒவ்வொரு அடியோட சுமையும் குறையும். மணல் மெத்துன்னு இருக்கேன்னு கடற்கரை மணல்ல ஓடலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. மணல்ல கெண்டைக்கால் ரொம்ப உழைக்கும், பாதம் சாயும். சமமான ரோடே போதும்.

வலி விஷயத்துல ஒரு முக்கியமான வித்தியாசம். தசை, தசைநார் காயத்துல, பத்துக்கு மூணு அளவு வலி இருந்தாலும் ஓடலாம்னு சொல்வாங்க. எலும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தப் புள்ளியில வலின்னா பூஜ்யம்தான் பாஸ் மார்க். வந்தா நிறுத்தணும், வலி போன அப்புறம் ஒரு படி பின்னாடி போய்த் தொடங்கணும்.

ஆனா பயம்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஸ்கேன் கிடையாது. மூணாவது வாரம் காலையில எழுந்ததும் அந்த இடத்துல ஏதோ சுருக்னுச்சு. எனக்கு வேர்த்துடுச்சு. ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்துகிட்டு டேபிளுக்கு அடியில அந்த இடத்தை அழுத்தி அழுத்திப் பாத்தேன். அவ்ளோ அழுத்தினா நல்ல காலே வலிக்கும். ஃபிசியோ மேடம் ஒரு நோட்டு போடச் சொன்னாங்க. தினமும் காலையில ஒரே ஒரு தடவை அழுத்தணும். எங்க, புள்ளியா பரவலா, நேத்தை விடக் கூடவா குறைவா, மூணு கேள்விக்குப் பதில் எழுதணும். அதுக்கு அப்புறம் அன்னைக்கு முழுக்க அந்த இடத்தைத் தொடக் கூடாது. அந்த நோட்டுல வரிசையாப் பாத்தா, வலி ஒரு நாள் கணுக்கால்ல, ஒரு நாள் முட்டியில, ஒரு நாள் எதுவும் இல்லை. ஆகஸ்ட்ல அது தினமும் ஒரே இடத்துல, தினமும் கொஞ்சம் கூட. எனக்குத் தூக்கம் வரவெச்சது அந்த நோட்டுதான்.

எட்டாவது வாரம், நிக்காம 30 நிமிஷம் ஓடினேன். நாலரை கிலோமீட்டர்.

ஜனவரி

மாரத்தான் அன்னைக்கு நான் ஓடலை. அது எம்ஆர்ஐ வந்த அன்னைக்கே முடிவான விஷயம். "10 கிலோமீட்டராவது ஓடேன், மெதுவாத்தானே"ன்னு ஃபிரெண்ட்ஸ் கூப்பிட்டாங்க. நாலரை கிலோமீட்டர் ஓடற எலும்புக்கு பத்து கிலோமீட்டர்ங்கறது ரெண்டு மடங்குக்கும் மேல. 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை வெச்சு 2025ல வெளிவந்த ஒரு ஆய்வு சொல்றது இதைத்தான். கடைசி 30 நாள்ல நீங்க ஓடின அதிகபட்ச தூரத்தை விட ஒரே ஓட்டத்துல 10 சதவீதத்துக்கு மேல தாண்டினா காய ஆபத்து கூடுது. வாரக் கணக்கை விட அந்த ஒத்தை ஓட்டம்தான் முக்கியம். அதனால நான் தண்ணி ஸ்டால்ல நின்னு கப் நீட்டினேன். விடியற்காலையிலிருந்து நீட்டி நீட்டி தோள் வலி வந்தது. அது தசை வலிதான், பரவாயில்லை.

இப்போ எங்க இருக்கேன்? என் நீள ஓட்டம் 14 கிலோமீட்டர். பீரியட்ஸ் மார்ச்லேருந்து ஒழுங்கா வருது. நான் ஃபினிஷர் மெடலை விட அதிகமாச் சந்தோஷப்பட்டது அதுக்குத்தான். வைட்டமின் டி சரியாயிடுச்சு. டெக்ஸா அடுத்த வருஷம் திரும்ப எடுக்கணும். எலும்பு அடர்த்தி வேகமா ஏறாது, ஏறுமான்னும் உறுதியாச் சொல்ல முடியாது. அதனால கூழும் எடை தூக்கறதும் தொடருது. ஃபுல் மாரத்தானுக்கு இன்னும் பேர் குடுக்கலை. குடுப்பேன்.

முடிக்கறதுக்கு முன்னாடி, ஓடற பொண்ணுங்களுக்கு மட்டும் ஒண்ணு. மூணு மாசமா பீரியட்ஸ் வரலைன்னா, கால் வலிக்கலைன்னாலும் டாக்டரைப் பாருங்க. பசங்களுக்கு: எப்பவும் சோர்வு, அடிக்கடி காயம், எதுலயும் நாட்டம் இல்லைன்னா, இன்னும் ஒரு கோச் தேடறதுக்கு முன்னாடி தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. கோச்களுக்கு: உங்க குரூப்ல ஒருத்தர் ஒரு விரலால ஒரே இடத்தைக் காட்டினா, "ஓடு, சரியாயிடும்"னு சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

இப்போ பூட் போட்டுகிட்டு சோஃபால உக்காந்து இதைக் கேட்டுட்டிருக்கறவங்களுக்கு: உங்க எலும்பு இந்த நிமிஷமும் வேலை பாத்துட்டுதான் இருக்கு. அதுக்குத் தேவை சாப்பாடு, தூக்கம், நேரம். நீங்க போய் சாப்பிடுங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம். பை.